தொண்டு நிறுவனத்திலிருந்து வந்தவர் ஒரு மாகாணத்தை ஆள முடியுமா? (ஆப்கானிஸ்தானின் பாமியான், ஹபீபா சராபி)

28 ஆகஸ்ட் 2023, காலை

ஒரு வாசகரின் கேள்வி, அப்படியே:

"பாமியானின் பந்த்-எ-அமீர் பூங்காவுக்குள் பெண்கள் போகக் கூடாது என்று தாலிபான் அறிவித்திருக்கிறது. அந்தப் பூங்கா அமைந்தபோது அங்கே ஆளுநராக இருந்தவரே ஒரு பெண் என்று படித்தேன். தொண்டு நிறுவனத்தில் இருந்தவராம். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்: வெளிநாட்டுக் காசு வந்தவரை ஆண்டார், காசு போனதும் எல்லாம் போய்விட்டது. மாகாணத்தை ஆள்வது வேறு, உதவிப் பொருள் கொடுப்பது வேறு. இதில் கொண்டாட என்ன இருக்கிறது?"

28 ஆகஸ்ட் 2023, இரவு

நான் 2008 முதல் 2010 வரை காபூலில் ஒரு உதவி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருந்தேன். பாமியானுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். நீங்கள் சொல்லும் அந்த ஆளுநர், ஹபீபா சராபியை, நேரில் சந்தித்ததில்லை. அவர் ஆண்ட மாகாணத்தின் ரசீதுகளைப் பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் ஆள் யார் என்பது. ஹசாரா (பெரும்பாலும் ஷியா முஸ்லிம்களான சிறுபான்மை) இனத்தவர். காபூலில் படித்து 1987இல் பட்டம் பெற்றார். உலக சுகாதார நிறுவனத்தின் உதவித்தொகையில் இந்தியா வந்து ரத்தவியல் படித்தார். தாலிபான் காபூலைப் பிடித்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பாகிஸ்தானின் பெஷாவருக்குப் போனார். கணவர் தன் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள காபூலிலேயே தங்கிவிட்டார். அகதி முகாம்களில் பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார் சராபி. ஆப்கானிஸ்தானுக்குள்ளும் ரகசியமாக வந்து போய் அதையே செய்தார். சகீனா யாகூபி நிறுவிய ஆப்கன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் லேர்னிங் என்ற கல்வித் தொண்டு நிறுவனத்தில் 1998இல் சேர்ந்து, அதன் பொது மேலாளர் ஆனார்.

"உதவிப் பொருள் கொடுப்பது" என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். பிடிபட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தே எல்லை தாண்டி வகுப்பு நடத்தப் போவதை அரிசி மூட்டை கொடுப்பதோடு சேர்க்காதீர்கள்.

2002இல் சீமா சமருக்குப் பிறகு மகளிர் விவகார அமைச்சர். 2005 மார்ச்சில் ஜனாதிபதி கர்சாய் அவரை பாமியான் ஆளுநராக நியமித்தார். 34 மாகாணங்கள் உள்ள நாட்டில் முதல் பெண் ஆளுநர். 2013 வரை அந்த நாற்காலியில் இருந்தார். எட்டு ஆண்டுகளுக்கு மேல். வருஷத்துக்கு ஒரு ஆளுநரை மாற்றிக்கொண்டிருந்த மாகாணங்களின் கோப்புகளையும் நான் பார்த்தவன். அந்த நீளமே எனக்குப் பெரிய விஷயம்.

29 ஆகஸ்ட் 2023

நேற்று விட்டது. அங்கே ஆளுநரை 'வாலி' என்பார்கள். அவர் கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரியாமல் இதைப் பேச முடியாது.

நான் சொல்வது 2021இல் தாலிபான் திரும்பி வரும் வரை இருந்த முறையை. வாலிக்குச் சொந்த பட்ஜெட் கிடையாது. பள்ளிக்கூடம் கட்டும் பணம் காபூலில் கல்வி அமைச்சகத்திடம். மருத்துவமனைப் பணம் சுகாதார அமைச்சகத்திடம். மாகாணத்தில் உட்கார்ந்திருக்கும் துறை இயக்குநர்கள் தங்கள் அமைச்சகத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். போலீஸ் தலைவர் உள்துறை. வாலியை ஜனாதிபதி நியமிப்பார், நினைத்த அன்று மாற்றுவார். மாகாண அளவில் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தது மாகாண சபையை மட்டும். அந்தச் சபைக்கு ஆலோசனை சொல்வதைத் தாண்டி அதிகாரம் குறைவு.

கேட்டு வாங்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த நாற்காலி பயன்படும். அமைச்சகத்திடம் கேட்க வேண்டும், தூதரகத்திடம் கேட்க வேண்டும், ராணுவ முகாமிடம் கேட்க வேண்டும். பல மாகாணங்களில் பழைய தளபதிகள் வாலி ஆனார்கள். அவர்களுக்குத் துப்பாக்கி இருந்தது, சுங்கச் சாவடி இருந்தது. இவருக்கு இரண்டும் இல்லை. விண்ணப்பம் எழுதி, காரணம் சொல்லி, கணக்குக் காட்டி வாங்கும் பழக்கம் இருந்தது. அது தொண்டு நிறுவனத்தில் கற்ற தொழில். ஆள்வது வேறு, உதவி வேறு என்கிறீர்கள். பாமியானில் இரண்டும் ஒரே மேசையில்தான் நடந்தன.

29 ஆகஸ்ட் 2023, சற்று நேரம் கழித்து

"அவர் வந்துதான் பாமியான் அமைதியாச்சா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஆமாம். அப்போது நாட்டிலேயே மிகப் பாதுகாப்பான மாகாணங்களில் ஒன்று அது. 2011 ஜூலை 17 அன்று வெளிநாட்டுப் படைகள் பாதுகாப்புப் பொறுப்பை ஆப்கன் படைகளிடம் ஒப்படைக்கத் தொடங்கியபோது முதல் மாகாணம் பாமியான். நியூசிலாந்து படைப்பிரிவு அங்கே 2003 முதல் 2013 வரை இருந்தது.

31 ஆகஸ்ட் 2023

அந்த "ஆமாம்" தப்பு. இரண்டு நாளாக உறுத்துகிறது.

பாமியான் அமைதியாக இருந்ததற்கு முதல் காரணம் அங்குள்ள மக்கள். 2001 ஜனவரியில் பாமியானின் யகாவ்லாங் மாவட்டத்தில் தாலிபான் ஆண்களைப் பிடித்து வரிசையில் நிறுத்திச் சுட்டார்கள். இறந்தவர்கள் 170 பேருக்குக் குறையாது. இரண்டே மாதத்தில், மார்ச்சில், புத்தர் சிலைகள் இரண்டையும் வெடி வைத்துத் தகர்த்தார்கள். இதையெல்லாம் பார்த்த ஊர் தாலிபானுக்குச் சோறு போடாது, படுக்க இடம் கொடுக்காது. சராபி வருமுன்பே அது முடிவான விஷயம். அந்த அமைதியை அவர் கணக்கில் எழுதியது என் பிழை.

அந்த அமைதிக்குப் பாமியான் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும். உதவிப் பணம் சண்டை நடந்த இடத்துக்கே போனது. ஹெல்மந்துக்கும் காந்தகாருக்கும் கொட்டினார்கள். சண்டையில்லாத ஊர் கடைசி வரிசையில் நின்றது. "நாங்களும் நாலு குண்டு வைத்தால்தான் சாலை வருமா?" என்று பாமியான்காரர்கள் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். சிரித்துக்கொண்டே கேட்பார்கள். என்னால் சிரிக்க முடிந்ததில்லை.

சாலையும் மின்சாரமும் வராத கோபத்தில் அந்த மக்கள் செய்தது எனக்கு மிகவும் பிடிக்கும். நகரச் சதுக்கத்தில் ஒரு பெரிய அரிக்கேன் விளக்குச் சிலையை நிறுத்தினார்கள். கரண்ட் இல்லாத ஊருக்கு அரிக்கேன்தான் அடையாளம். இன்னொரு முறை, சுவர் பூசும் வைக்கோல் மண்ணைக் குழைத்துச் சாலையைத் தாங்களே மெழுகினார்கள். பாரம் சுமந்து ஊருக்கு உழைத்ததற்காக ஒரு கழுதைக்குப் பதக்கம் போட்டார்கள். கோபம் காபூல் மேல்தான் அதிகம். ஆனால் வாலி அலுவலகத்துக்கும் அதில் பங்கு உண்டு. கேட்டு வாங்குகிறவரிடம் மக்கள் கேட்பார்கள்: கேட்டீர்களே, எங்கே?

இது என் 29ஆம் தேதிக் குறிப்பின் மறுபக்கம். கேட்டு வாங்குவது ஒரு திறமை. கொடுப்பவர் கொடுக்காவிட்டால் அந்தத் திறமை அங்கேயே நின்றுவிடும்.

1 செப்டம்பர் 2023

கொடுப்பவர்களைப் பற்றி, என் சொந்தக் கதை. நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாமியான் கடல் மட்டத்திலிருந்து 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்டோபர் முடிவதற்குள் குளிர் இறங்கிவிடும். பிறகு கணவாய்களில் பனி. காபூலிலிருந்து இரண்டு பாதை: ஒன்று ஹாஜிகாக் வழி, வர்தக் மாகாணத்துக்குள்ளே, மற்றது ஷிபர் கணவாய் வழி, கோர்பந்த் பள்ளத்தாக்குக்குள்ளே. இரண்டிலும் ஆள் கடத்தல் பயம், அதனால் எங்களை சின்ன விமானத்தில் அனுப்புவார்கள். அப்போது ஓடுபாதை சரளைக்கல். பனி விழுந்தால் அதுவும் இல்லை. கட்டட வேலை நடப்பது மே முதல் அக்டோபர் வரை. அவ்வளவுதான் வருஷம்.

ஒரு கிராமத்துப் பள்ளிக்கு இரண்டு அறைகள் கூடுதலாகக் கட்ட எங்கள் நிறுவனம் பணம் கேட்டிருந்தது. பணம் கொடுத்தவர்கள் ஆகஸ்ட் கடைசியில் ஒப்புதல் தந்தார்கள். அவர்களுக்கு நிதியாண்டு டிசம்பர் 31இல் முடியும். சுவர் எழுந்தது. கூரைக்கு மரம் வரும் முன் பனி வந்தது. கால நீட்டிப்புக் கேட்டு எழுதினோம். கிடைக்கவில்லை. மீதிப் பணத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். திருப்பி அனுப்பும் வவுச்சரில் கையெழுத்துப் போட்டது நான்.

கூரையில்லாத சுவர் ஒரு குளிர்காலம் முழுக்க நனைந்தது. மண் செங்கல் வேறு. அடுத்த வசந்தத்தில் போய்ப் பார்த்தபோது ஒரு பக்கம் உட்கார்ந்திருந்தது. பெண் பிள்ளைகள் பக்கத்தில் ஒரு கூடாரத்தில் உட்கார்ந்து படித்தார்கள். ஆசிரியர் என்னைத் திட்டவில்லை. தேநீர் கொடுத்தார். பாமியான் உருளைக்கிழங்கை அவித்து உப்புத் தொட்டுச் சாப்பிடக் கொடுத்தார். அந்த உருளைக்கிழங்கு இன்றும் தொண்டையில் நிற்கிறது.

நானாவது தொலைபேசியில் சண்டை போட்டிருக்கலாம். மேலதிகாரியைத் தாண்டி எழுதியிருக்கலாம். கணக்குச் சரியாக இருக்க வேண்டும் என்பதைத்தான் அன்று பெரிதாக நினைத்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தத் தேதிச் சிக்கலை உள்ளிருந்து தெரிந்த ஒருவர் வாலி நாற்காலியில் இருந்தால் அது சின்ன விஷயம் இல்லை. எந்தப் பணம் எந்த மாதம் காலாவதியாகும், எதைப் பனிக்கு முன் முடிக்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்பது ஆட்சிக் கலையில் சேர்த்திதான். போர்த் தளபதிக்கு அது தெரியாது.

3 செப்டம்பர் 2023

உருளைக்கிழங்கு பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். பாமியானின் பெருமையே அது. ஆப்கானிஸ்தான் முழுக்க 'பாமியான் கச்சாலு' என்றால் தனி மதிப்பு. அறுவடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் விற்பார்கள், விலை விழும். குழி வெட்டி மண்ணுக்கடியில் வைத்து வசந்தத்தில் விற்றால் நல்ல விலை. கிடங்கு கட்டிக் கொடுத்த உதவித் திட்டங்கள் அங்கே உண்மையாகவே பயன் தந்தன. சாலை இல்லாவிட்டால் கிடங்கும் பாதிப் பயன்தான். திரும்பவும் சாலைக்கே வந்துவிட்டேன்.

4 செப்டம்பர் 2023

"இதே மாதிரி வேறு ஆளுநர் உண்டா?"

உண்டு. அர்சலா ஜமால். அவரும் உதவி நிறுவனங்களில் வேலை செய்து வந்தவர். 2006 முதல் 2008 வரை பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய கோஸ்த் மாகாணத்துக்கு ஆளுநர். அங்கே அமெரிக்கப் படைத் தளபதிகளின் கையில் செலவுக்குப் பணம் இருந்தது. சாலை, பள்ளி, மாவட்ட அலுவலகம் என்று வேகமாகக் கட்டினார்கள். அவரைக் கொல்ல நடந்த தற்கொலைத் தாக்குதல்களில் பல முறை உயிர் தப்பினார். 2013இல் லோகர் மாகாணத்துக்கு ஆளுநராகப் போனார். அதே ஆண்டு அக்டோபர் 15, பக்ரீத் அன்று, புல்-எ-ஆலம் மசூதியில் மக்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது குண்டு வெடித்து இறந்தார்.

அதே அக்டோபரில்தான் சராபி பதவி விலகித் தேர்தலுக்குப் போனார். இரண்டு பேரையும் சேர்த்து யோசிக்கிறேன். ஜமாலுக்குப் பணமும் இருந்தது, எதிரியும் இருந்தான். சராபிக்குப் பணமும் குறைவு, எதிரியும் தூரத்தில். ஒருவர் கெட்டிக்காரரா என்று கேட்பதற்கு முன் எந்த மாகாணம் கிடைத்தது என்று கேட்க வேண்டியிருக்கிறது.

7 செப்டம்பர் 2023

பூங்கா. கேள்வியே அதிலிருந்துதான் வந்தது, நான்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

2009 ஏப்ரல் 22 அன்று பந்த்-எ-அமீர் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நான் போனது அந்த ஜூலை. பாமியான் நகரிலிருந்து 75 கிலோமீட்டர் பக்கம், அப்போது மண் சாலை, மூன்று மணி நேரம் உடம்பை உலுக்கியது. சாலையோரம் கற்களுக்குச் சாயம் அடித்திருந்தார்கள். வெள்ளைக்கல் என்றால் கண்ணிவெடி அகற்றிய இடம். சிவப்புக்கல்லைத் தாண்டிக் காலை வைக்கக் கூடாது. ஒன்றுக்குப் போக வண்டியை நிறுத்தினாலும் கல்லின் நிறத்தைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

ஓட்டுநர் வயதானவர், ஹசாரா. நான் அவரைக் 'காகா' என்பேன், சித்தப்பா மாதிரி. அவர் என்னை 'இஞ்சினியர் சாஹிப்' என்பார். உதவி நிறுவனத்தில் வேலை என்றால் அங்கே எல்லாரும் இஞ்சினியர்தான். எத்தனை முறை சொல்லியும் நான் கணக்கு எழுதுகிறவன் என்பதை அவர் ஏற்கவே இல்லை.

கடைசி மேட்டில் ஏறி இறங்கியதும் அந்த நீலம். மரமில்லாத, புல்லில்லாத செம்மண் மலைக்கு நடுவே மயில் கழுத்து நிறத்தில் தண்ணீர். ஐந்து ஏரிகள். தண்ணீரில் கரைந்த சுண்ணாம்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்து படிந்து தானே அணை கட்டியிருக்கிறது. ஹஸ்ரத் அலி கட்டிய அணை என்பது மக்கள் நம்பிக்கை. கரையில் ஒரு ஜியாரத் (தர்கா) உண்டு, நோயாளிகளைக் கொண்டுவந்து அந்தப் பனித்தண்ணீரில் முக்கி எடுப்பார்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். விரிப்பு, சமோவார், தர்பூசணி. அன்னப்பறவை வடிவ மிதி படகுகள். அதில் இரண்டு பெண்கள் மிதித்துக்கொண்டு போனார்கள், கரையில் நின்ற ஒரு கிழவி சத்தம் போட்டு ஊக்கப்படுத்திக்கொண்டிருந்தார். காகாவின் மனைவியும் மகளும் வந்திருந்தார்கள். மகள் ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலத்தில் என்னிடம் என் பெயரைக் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஓடிவிட்டாள்.

பூங்கா என்று அறிவித்துவிட்டால் போதாது. வெடி போட்டு மீன் பிடித்தார்கள், அதை நிறுத்த வேண்டும். மலைச்செடியை வேரோடு பிடுங்கி விறகாக்கினார்கள், அது குளிர்காலத்து உயிர்ப் பிரச்சினை, அடித்து நிறுத்த முடியாது. கிராமத்தாரை உட்கார வைத்துக் குழு அமைத்து, பேசிப் பேசித்தான் நடத்த வேண்டியிருந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கமும் அமெரிக்க உதவி நிறுவனமும் பின்னால் இருந்தன என்பது உண்மை. இந்தப் பூங்காவை முன்னெடுத்ததற்காகத்தான் 2008இல் டைம் பத்திரிகை சுற்றுச்சூழல் வீரர்கள் பட்டியலில் சராபி பெயரைச் சேர்த்தது. 2013இல் பூங்காக் காவலர்களாக நான்கு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அந்த ஆண்டே சராபிக்கு மகசேசே விருது.

8 செப்டம்பர் 2023

ஐந்து அல்ல, ஆறு ஏரிகள். சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. ஜுல்ஃபிகார், ஹைபத், குலாமான், பனீர், புதினா, கம்பர். ஆறாவது கிட்டத்தட்ட வறண்டுகிடந்தது, அதனால் என் மனக்கணக்கில் விட்டுப்போனது.

பனீரும் புதினாவும் நாம் சாப்பிடும் பனீரும் புதினாவும்தான். கம்பர் என்பவர் அலியின் பணியாளர். ஆளுநர் வாலி, ஏரி கம்பர் என்று எழுதும்போது ராமாயண வகுப்பு நினைவு வந்து எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது.

12 செப்டம்பர் 2023

"2013க்குப் பிறகு?"

சுருக்கமாக. 2014 தேர்தலில் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜல்மாய் ரசூலோடு துணை ஜனாதிபதி வேட்பாளர். அந்த அணி மூன்றாம் இடம். பிறகு, தாலிபானோடு பேச அரசு அமைத்த உயர் அமைதிக் குழுவில் பொறுப்பு. 2020 செப்டம்பரில் தோஹாவில் தாலிபானோடு பேச அரசு அனுப்பிய 21 பேரில் நான்கு பெண்கள்; அதில் ஒருவர். 2021 மார்ச்சில் மாஸ்கோ மாநாட்டில் அரசுத் தரப்புக் குழுவில் ஒரே பெண். ஏன் நான் ஒருத்தி மட்டும் இந்த அறையில் இருக்கிறேன் என்று அங்கேயே கேட்டார். ஐந்து மாதத்தில் காபூல் விழுந்தது.

ஆளுநர் பதவியை விட்டுப் போயிருக்க வேண்டாமோ என்று நான் நீண்ட நாள் நினைத்ததுண்டு. தேர்தலில் தோற்ற துணை வேட்பாளரைவிட பாமியான் வாலி பெரியவர் என்பது என் எண்ணம். இப்போது அப்படி நினைக்கவில்லை. நியமித்தவர் மாறினால் போகும் நாற்காலி அது. ஓட்டுக் கேட்டுப் பார்க்கலாம் என்று அவர் போனார். 2015இல் தாய்குந்திக்கும் கோருக்கும் பெண் ஆளுநர்கள் வந்ததை இவர் எட்டு வருஷம் உட்கார்ந்து காட்டாமல் யோசித்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்.

20 மே 2024

எட்டு மாதம் கழித்து வருகிறேன். மூன்று நாள் முன்பு பாமியான் கடைத்தெருவில் சுற்றுலாப் பயணிகள் மேல் துப்பாக்கிச் சூடு. ஸ்பெயின்காரர்கள் மூன்று பேர் இறந்தார்கள், ஆப்கானியர்களும் இறந்தார்கள். ஐஎஸ் பொறுப்பேற்றிருக்கிறது. சராபி முதல் நாளிலிருந்து பேசியது சுற்றுலாவைப் பற்றி. அப்போது காபூலில் நாங்கள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வேறு வேலை பார்த்தோம். போர் நடக்கும் நாட்டில் சுற்றுலாவா என்று. அந்தத் தலையாட்டலுக்காக இன்று வருந்துகிறேன்.

முதல் கேள்விக்கு இப்போது என் பதில்: ஆமாம், காசு போனதும் நிறையப் போனது. அவர் கட்டியவற்றைக் காக்கும் அதிகாரம் அவர் நாற்காலிக்கு எப்போதுமே இருந்ததில்லை. ஆனால் "எல்லாம்" என்ற சொல்லை நான் ஒப்பவில்லை.

21 மே 2024

ஏன் ஒப்பவில்லை என்று கேட்டீர்கள். நேற்று காகாவிடம் பேசினேன். குடும்பத்தில் எல்லாரும் நலம். அந்த ஐந்தாம் வகுப்புப் பெண் ஆசிரியை ஆகி, இப்போது வீட்டில் இருக்கிறாள். பந்த்-எ-அமீருக்குப் போனீர்களா காகா என்று கேட்டேன். பேரன்கள் கூப்பிட்டார்களாம், இவர் போகவில்லையாம். "பெண் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு அங்கே போய் யாருக்கு நான் தேநீர் ஊற்றுவேன், இஞ்சினியர் சாஹிப்?" என்றார்.

நவ்ரூஸ் (மார்ச்சில் வரும் புத்தாண்டு) கழிந்து பனி உருகியதும் ஃபுலாதிப் பள்ளத்தாக்கில், தங்கள் உருளைக்கிழங்கு வயலை ஒட்டிய ஓடைக்கரையில் விரிப்பு விரித்தார்களாம். எல்லாரும், மனைவி மகள் மருமகள் பேத்திகள் எல்லாரும். சமோவாரைத் தூக்கிக்கொண்டு நடந்தே போனோம், வெகு தூரமில்லை என்றார்.